பச்சை நாடா

வார்டுக்குள் நுழைந்ததும் பெரியவளின் கண் புருஷன் மேல் விழவில்லை. பக்கத்துக் கட்டில் மேல்தான் விழுந்தது. கொழுந்தனுக்குக் காற்று வரும் ஜன்னலோரம், அவள் புருஷனுக்குக் காரை உதிரும் சுவரோரம். ‘இங்கயுமா?’ என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இரண்டு ஓரகத்திகளுக்கும் ஒரே வீடு, அடுத்தடுத்த அறை. அவள் புருஷன் வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவான், தின்பான், தூங்குவான். கொழுந்தன் அப்படியில்லை. தன் அறைக் கதவை இரண்டு விரலால் டொக் டொக் என்று தட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். தட்டியதும் சின்னவள் சிரிப்பாள். கட்டின பெண்டாட்டி இருக்கும் அறையை எவனாவது தட்டிக்கொண்டு நிற்பானா? தினமும் அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டே பெரியவள் பாதியாகிப் போனாள்.

இப்போது வேலை செய்யும் இடத்தில் பாய்லர் வெடித்து அண்ணனும் தம்பியும் ஒன்றாகக் கிடந்தார்கள். முகம் முழுக்கக் கட்டு. யார் எவரென்று கட்டிலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். வாயில் குழாய், குழாயின் முனையில் ரப்பர் பலூன். அதை யாராவது விடாமல் அமுக்கினால்தான் மூச்சு. அமுக்குவது சொந்தக்காரர்களின் வேலை.

புஸ்... புஸ்...

மருந்து நெடிக்கு நடுவே, அந்த உச்சி வெயில் நேரத்தில், வார்டில் வேறு சத்தமே இல்லை.

பெரிய டாக்டர் வந்தார். “மூச்சு மெஷின் ஒண்ணுதான் காலியாகுது. யாருக்குன்னு நாங்க டாக்டருங்க உக்காந்து முடிவு பண்ணுவோம்.”

“என் புருஷன் உசுரை முடிவு பண்ண நீங்க யாரு சார்?” என்று பெரியவள் சீறினாள்.

“சரிம்மா, நீங்களே சொல்லுங்க. யாருக்கு வைக்கட்டும்?”

அவள் வாயைத் திறந்தாள். எதிரே சின்னவள் நின்றாள். தலையைக் குனிந்து பலூனை அமுக்கினாள்.

“இதுக்குத்தாம்மா உங்களைக் கேக்கறதில்ல. இந்தப் பாவம் எங்களோட போகட்டும்.”

அந்த வார்டில் ஒரு வழக்கம். மெஷின் யாருக்கென்று முடிவானதும் அவர் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பச்சை நாடாவை மாட்டுவார்கள். ஷிஃப்ட் மாறி வருகிறவர்கள் நாடாவைப் பார்ப்பார்கள், மெஷினைப் பொருத்துவார்கள். அவ்வளவுதான்.

சிறிது நேரம் கழித்துச் சின்னவள் தள்ளாடினாள். “அக்கா, முகத்துல தண்ணி அடிச்சிட்டு வந்துடறேன். இவரையும் பாத்துக்கோங்க. உங்களை நம்பித்தான் போறேன்.”

பெரியவள் இரண்டு கட்டிலுக்கும் நடுவே நின்று ஆளுக்கொரு கையால் அமுக்கினாள். டாக்டர் திரும்பி வந்து நாடாவை ஜன்னலோரக் கட்டிலில் மாட்டினார். “தம்பிக்கு நுரையீரல் பரவாயில்ல. பொழைக்க வழி இருக்கு. மன்னிச்சிடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

எதில்தான் சின்னவள் முந்தவில்லை! காற்றும் அவளுக்கு, சிரிப்பும் அவளுக்கு, இப்போது தாலியுமா அவளுக்கு மட்டும்?

நாடாவை எடுக்க ஒரு கை வேண்டும்.

கொழுந்தனின் பலூனை விட்டாள்.

நாடா சுலபமாகக் கழன்று வந்தது. புருஷன் தலைமாட்டுக் கம்பியில் மாட்டும்போது பின்னால் சத்தம் கேட்டது.

டொக் டொக்.

திரும்பினாள். நினைவே இல்லாமல் கிடந்த கொழுந்தனின் இரண்டு விரல்கள் கட்டில் கம்பியின் மேல் இருந்தன.

அலறியடித்துப் பலூனைப் பிடித்து அமுக்கினாள். அதற்குள் மெஷின் வந்துவிட்டது. புதிதாக வந்த நர்ஸ் நாடாவைப் பார்த்தாள், பொருத்தினாள். திரும்பி வந்த சின்னவள் மெஷினைப் பார்த்தாள். தன் பலூனை வாங்கி அமுக்கிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் நர்ஸ் அவள் கையைப் பிடித்து, “போதும்மா, விட்டுடு” என்றாள்.

மறுநாள் ரவுண்டுக்கு வந்த டாக்டர் காலியான ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். பெரியவளைப் பார்த்தார்.

“நேத்து நான் எந்தக் கட்டில்லம்மா மாட்டினேன்?”

“இதுலதான் சார்” என்று புருஷன் கட்டிலைக் காட்டினாள் பெரியவள்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து பெரியவளுக்கு ஒரு சந்தேகம். மெஷின் என்றால் ஒரே சீராகத்தானே ஓட வேண்டும்? இது அவ்வப்போது தயங்கியது. கை ஓய்ந்துபோன யாரோ விட்டு விட்டு அமுக்குவது மாதிரி.

புஸ்... புஸ்...

குழாயை எடுத்த அன்று புருஷன் கண் திறந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவன் கூச்சத்தோடு கையை விடுவித்துக்கொண்டான்.

“அவ சாப்பிட்டாளா, அண்ணி?”

அவள் நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

“மயக்கம் தெளியறப்ப இப்படித்தான் மாத்தி மாத்திப் பேசுவாங்க” என்று நர்ஸ் சிரித்தாள். “எல்லாம் வீட்டுக்குப் போனா சரியாயிடும்.”

வீட்டுக்குப் போனார்கள். நல்ல பகல் வெளிச்சம். சின்னவளின் அறை சாத்திக் கிடந்தது. காரியம் முடிந்ததிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை, அழக்கூட இல்லை.

பெரியவள் தன் அறைக் கதவை அகலத் திறந்து, “வாங்க” என்றாள். “நம்ம ரூம் இதுதாங்க.”

அவன் வாசலிலேயே நின்றான். மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

“நீங்க போய் ரெஸ்ட் எடுங்க அண்ணி. எனக்காக ரொம்ப அலைஞ்சிட்டீங்க.”

“ஐயோ, நான் உங்க பொண்டாட்டிங்க!”

அவன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து அடுத்த அறை வரை நடந்தான். சாத்தியிருந்த கதவின் முன் நின்று இரண்டு விரலை மடக்கினான்.

டொக் டொக்.

உள்ளே சின்னவள் சிரித்தாள்.