பன் தின்ற மான்

ரொட்டிக்கடைக்காரரின் மகளுக்கு 'வாலு' என்று பட்டப்பெயர் வைத்தது அவள் அப்பாதான். ஓரிடத்தில் ஒரு நிமிடம் உட்கார மாட்டாள். அப்படிப்பட்டவள் அன்று கடையின் பின்வாசலில் அரை மணி நேரமாக அசையாமல் நின்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் காடு. அங்கே ஒரு பெண்மான், தன் பக்கத்தில் வந்த இளம் ஆண்மானை முட்டி முட்டி விரட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆண்மானுக்கு அப்போதுதான் கட்டைவிரல் அளவுக்குக் கொம்பு முளைத்திருந்தது.

"பெத்த அம்மாவே விரட்டுதே! என்ன அநியாயம்!"

வாலுவுக்கு மனசு கேட்கவில்லை. நேற்று விற்காத பன் இரண்டை எடுத்து வந்து வேலிக்கு வெளியே போட்டாள். இளம் மான் மோந்து பார்த்தது. பிறகு தின்றது. அதற்குத் 'தம்பி' என்று பெயரும் வைத்துவிட்டாள்.

மறுநாள் நாலு பன். அதற்கும் மறுநாள் ஆறு.

"பழைய பன்னெல்லாம் எங்கம்மா போகுது?" என்று அப்பா கேட்டார்.

"எலி தூக்கிட்டுப் போகுதோ என்னவோ!"

"ஆறு பன் தூக்குற எலியா? அது எலியா, யானையா?"

அப்பா சிரித்தார். வாலுவும் சிரித்து வைத்தாள்.

பத்தாம் நாள் தம்பி வேலியோரம் விழுந்து கிடந்தான். வயிறு மத்தளம்போல உப்பியிருந்தது. வாயில் நுரை. அப்பா ஃபோன் செய்ததும் கால்நடை டாக்டர் பையோடு ஓடி வந்தார்.

"இது என்ன தின்னுச்சுன்னு யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சாதான் சரியான மருந்து கொடுக்க முடியும்."

"காட்டுல எதையாவது மேய்ஞ்சிருக்கும்" என்றார் அப்பா.

வாலு முன்னால் வந்தாள். "இல்லப்பா. நான்தான் பன் போட்டேன். பத்து நாளா. எலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

அப்பா அவளைப் பார்த்தார்.

டாக்டர் குழாய் வைத்து மருந்து ஊற்றினார். வெகுநேரம் கழித்துத் தம்பி ஏப்பம் விட்டான். அந்தச் சத்தத்தில் அப்பாவே இரண்டடி பின்னால் போனார்.

"பசிக்குமேன்னுதான் போட்டேன், டாக்டர். அதோட அம்மா விரட்டிடுச்சு."

"ஆண்குட்டி வளர்ந்தா அப்படித்தாம்மா. தள்ளிப் போய்ப் புது இடம் தேடிக்கணும். இவன் வயசுப் பசங்க கூட்டமா மலைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு வாரமாச்சு. இலை, தளிர், புல்லுன்னு அசைபோடுற வயிறு. பன் போனா புளிச்சு ஊதிடும்."

டாக்டர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று வாலுவுக்குத் தோன்றியது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் தம்பி மறுபடி வேலியோரம் வந்து நின்றான். வாலு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடைக்கு வந்த ஒரு மாமா பன்னைப் பிய்த்து நீட்டப் போனார்.

"போடாதீங்க மாமா!"

"பாவம், எப்படிப் பார்க்குது பாரு."

"நானும் அப்படிப் பாவம் பார்த்துத்தான் போட்டேன். சாகக் கிடந்துச்சு."

மாமா பன்னைப் பார்த்தார், மானைப் பார்த்தார், பன்னைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

மூன்று நாள் தம்பி வந்தான். தன்னைப் பார்த்தால் போக மாட்டான் என்று வாலு ஜன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துகொண்டாள். அவன் காலால் மண்ணைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நாலாம் நாள் சத்தம் இல்லை.

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனாள். புதர்களில் தளிர்கள் நுனி கிழிபட்டு நின்றன. கொஞ்ச தூரத்தில் இன்னொரு புதர், அதற்கப்பால் இன்னொன்று. இலை மேய்ந்தபடியே ஓடைவரை போயிருக்கிறான்.

"கூட்டத்தைப் பிடிச்சிருப்பானாப்பா?"

"தெரியலம்மா."

ஓடையின் அக்கரையில், ஈர மண்ணில், சின்னக் குளம்புத் தடங்கள் மலையைப் பார்த்துப் போயிருந்தன.

"மன்னிச்சுக்கோடா, தம்பி" என்றாள் வாலு, மெதுவாக. உரக்கச் சொன்னால் எங்கே திரும்பி வந்துவிடுவானோ என்று பயம்.