அணையாத சிவப்பு விளக்கு

கார்த்திகை மழை ஓசையின்றிப் பெய்துகொண்டிருந்தது. வாய்க்கால்கள் கரை தளும்பின. சம்பாப் பயிர் இடையளவு நீரில் தலை கவிழ்ந்து நின்றது. கொக்குகளும் வரப்பில் அமராத அந்நாட்களில், ஊர்கள் கதவுகளைத் தாழிட்டுக்கொண்டு, இறைவன் பெயரை முணுமுணுத்தபடி வெயிலுக்குக் காத்திருந்தன.

அப்படியொரு விடியலில், மன்னார்குடியை அடுத்த அரிசி ஆலையில், நெல் ஊறவைக்கும் தொட்டியில் இரவுக் காவலர் ஐயாவுவின் உடல் மிதந்தது. அருகே ஒரு மதுப்புட்டி கிடந்தது. குடித்துவிட்டுத் தவறி விழுந்தார் என்றார் ஆலை மேலாளர் சூர்யபிரகாஷ்.

சென்னையிலிருந்து வந்திறங்கிய மகள் எழில்மொழிக்குத் தந்தையின் சாவினும் அந்தச் சொல் கொடிதாயிருந்தது. நெற்றியில் நீறில்லாமல் தண்ணீர்கூட அருந்தாதவர் அவர். அவர் பெயரோடு அந்தப் பழியும் சுடுகாட்டுக்குப் போவதா?

பகல் பதினொரு மணி. கேமரா அறை.

“ராத்திரிப் பதிவைப் பாக்கணும் சார்,” என்றாள் காவல் ஆய்வாளர் துரைராசுவிடம். சேமிப்பு மென்பொருள்களின் பழுது நீக்குவதே அவள் தொழில்.

சூர்யபிரகாஷ் குறுக்கிட்டார். “அது இல்லம்மா. ராத்திரி கரண்ட் போச்சு, பதிவுப்பெட்டி நின்னுபோச்சு. அப்புறம் தானா வந்துச்சு. திடீர்னு நின்னா அந்த நேரத்துப் பதிவு போயிடும்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான், பாருங்க.”

நீட்டிய கைபேசியில், பெட்டியைச் செய்த நிறுவனம் வெளியிட்ட குறைகளின் பட்டியலில் அது இருக்கத்தான் செய்தது.

“இதுக்கு நாம என்னம்மா செய்ய முடியும்?” என்றார் துரைராசு.

எழில்மொழி பதிவுப்பெட்டியின் முன் அமர்ந்தாள். இடம் நிரம்பப்போவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இது எப்பலேருந்து எரியுது சார்?”

“போன வாரத்துலேருந்து,” என்றார் சூர்யபிரகாஷ். “பழைய பதிவையெல்லாம் நானே அழிச்சேன். அப்பவும் அணையல, சனியன்.”

“பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?”

“முதலாளிக்கே தெரியாது. என்கிட்ட மட்டுந்தான்.” குரலில் பெருமை. “ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் சரியாயிடும்.” அவர் கை பொத்தானை நோக்கி நீண்டது.

“தொடாதீங்க!”

எழில்மொழி பொத்தானை உள்ளங்கையால் மறைத்தாள்.

“அதே பட்டியல்ல அடுத்த குறையையும் படிச்சிருக்கணும் சார். அழிச்ச பதிவோட பேருதான் மறையும். பெட்டிய நிறுத்தி மறுபடி போடறவரைக்கும் இடம் காலியாகாது, விளக்கும் அணையாது. நீங்க அழிச்சது போன வாரம். விளக்கு இன்னும் எரியுது. அப்ப இந்தப் பெட்டி அன்னிலேருந்து ஒரு நிமிஷம்கூட நிக்கல.”

“ஊரே இருட்டுல கெடந்துச்சேம்மா?” என்றார் துரைராசு.

“ஊரு கெடந்துச்சு சார். இதுக்கும் கேமராவுக்கும் அதோ, கீழ இன்வெர்ட்டர் ஓடுது. பெட்டி நிக்கலன்னா பதிவு தானா போகாது. யாரோ அழிச்சிருக்காங்க. பாஸ்வேர்டு ஒருத்தர்கிட்டதான் இருக்கு.”

“காவக்காரன் மக எனக்குப் பாடம் எடுக்கிறியா?”

“ஆமா சார். அந்தக் காவக்காரர் ஃபீஸ் கட்டி நான் படிச்ச பாடந்தான்.” அவள் ஆய்வாளரிடம் திரும்பினாள். “அழிச்சதும் இன்னும் உள்ளதான் இருக்கு. எடுத்துடலாம்.”

பிற்பகலில் திரை விழித்தது. மழையில் ஒரு லாரி. உழவர்களின் நெல்மூட்டைகளைக் கள்ளத்தனமாக அதில் ஏற்றிவிடும் சூர்யபிரகாஷ். இரு கைகளையும் விரித்து வழிமறிக்கும் ஐயாவு. ஒரே தள்ளு, தொட்டிக்குள். பின்பு தொட்டியருகே புட்டியை வைக்கும் கை. எழில்மொழி முகம் திருப்பாமல் முழுவதும் பார்த்தாள்.

“நடங்க,” என்றார் துரைராசு, விலங்கை எடுத்தபடி.

அந்தியில் மழை மெலிந்தது. தந்தை அமர்ந்து காவல் காத்த நாற்காலியின்முன் எழில்மொழி ஓர் அகலை ஏற்றினாள். அவருடைய பையிலிருந்த திருநீற்றை ஒரு சிட்டிகை எடுத்து நாற்காலியின் சாய்வில் பூசி, எஞ்சியதைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு கைகூப்பி நின்றாள்.

பிறர் நெல்லுக்காக விழித்திருக்கும் கண்கள் வாழ்க. அவர்தம் பெயர் மாசுறாது நிலைக்க. வான் வழங்குக, வயல் விளைக.