வியாழக்கிழமை ஒலித்த விசில் பாட்டு

வியாழன், மாலை 4.20. மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், லாரி ஓட்டுநர் அமல்தாஸ் வேலை முடிந்து வந்து பார்த்தபோது, கணினியில் செருகியிருந்த பென்டிரைவைக் காணவில்லை. இறந்துபோன மனைவி மேவிஸ் பாடிய பதினொரு பாட்டுகள் அதில் இருந்தன; வேறு பிரதி கிடையாது. பகலெல்லாம் நிஜ லாரி ஓட்டுபவர், வீட்டில் லாரி ஓட்டும் விளையாட்டில் உட்காருவார். அந்த லாரியின் வானொலியில் அவள் பாடுவாள். இரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் துணை அது ஒன்றுதான்.

ஞாயிறு, காலை 9.40. தோட்டத்தில் எது தொலைந்தாலும் போலீசுக்கு முன்பாக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி சுபத்ராவிடம்தான் வருவார்கள். அவளும் தனியாகச் சமைத்துத் தனியாக உண்பவள். அமல்தாஸ் வீட்டில் கழுவிக் கவிழ்த்திருந்த ஒற்றைத் தட்டு வந்தவுடனே அவள் கண்ணில் பட்டது.

"வீட்டுச் சாவி?"

"வாசல் பூட்ஸுக்குள்ள. மக கரேனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கோகிலனுக்கும் தெரியும்."

"கரேன் வந்துச்சா?"

"அன்னைக்கு மத்தியானம் ஈப்போவிலருந்து வந்து கறி வச்சிட்டுப் போயிருக்கா. அம்மா குரலக் கட்டிக்கிட்டு அழுதது போதும், எங்கூட வந்துருங்கன்னு நச்சரிப்பா. அவதான் எடுத்திருப்பா. இனிமே இந்த வாசல மிதிக்காதேன்னு சொல்லிட்டேன்."

"அவசரப்பட்டுட்டீங்க அண்ணே. கேமைப் போடுங்க, பாப்போம்."

கணினியில் அவர் சேர்த்து வைத்திருந்த உறுமி மேளம் ஒலித்தது. திரையின் மூலையில் '03' என்று மட்டும் தெரிந்தது. அடுத்து ஒலித்த பாட்டுக்குப் பாடகரின் பெயரும் படமும் வந்தன.

"இது கேமோட பாட்டு, ஆளு பேரு வரும்," என்றார் அமல்தாஸ். "நாம போட்டதுன்னா நம்பர்தான். கேம் பாட்டுலயும் லைசன்ஸ் முடிஞ்சிருச்சுன்னு ஒம்போது பாட்டப் புடுங்கிட்டானுங்க. வியாழக்கிழமை காலையில அப்டேட்டு. போடாட்டி கேமே தொறக்காது லா. நல்ல விசில் பாட்டு ஒண்ணு, அதுவும் போச்சு."

காலை 10.15. பக்கத்து வீடு. கோகிலன் அதே லாரி விளையாட்டை ஆடி, காணொளிகளாக இணையத்தில் ஏற்றும் இளைஞன்.

"வியாழன் மத்தியானம் எங்க இருந்தே?"

"என்னக்கா, காலைப் பெரட்டுல வேலையாளுங்க பேரு கூப்புடுற மாதிரி கேக்குறீங்க? ரெண்டுலருந்து நாலு வரைக்கும் இங்கதான் வெளையாடினேன். ரெக்கார்டு இருக்கு."

திரையில் லாரி ஓடியது. விசில் பாட்டு ஒலித்தது. மூலையில் பெயரோடு பாடகர் படத்தில் சிரித்தார். சுபத்ரா அந்த இடத்தை இரண்டு முறை பார்த்தாள்.

"இத ஏன் இன்னும் நெட்டுல போடல?"

"போட்டா சத்தத்த அமுக்கிருவாங்க அக்கா. கம்பெனிப் பாட்டுன்னா மெசின் கண்டுபுடிச்சிரும். என் வீடியோ பாதி ஊமைதான்."

காலை 10.40. சுபத்ரா அவனை அமல்தாஸ் முன் நிறுத்தினாள்.

"மேவிஸ் அக்கா பாட்டுக்குக் கம்பெனி இல்ல. எந்த மெசினும் அமுக்காது. நீ கேட்டு, தான் தரலன்னு அண்ணன் இப்பத்தான் சொன்னாரு. சரியா?"

"கேட்டா திருடனா?"

"உன் ரெக்கார்டு வியாழன் மத்தியானம் எடுத்ததில்ல. விசில் பாட்டு அன்னைக்குக் காலையிலயே போயிருச்சு."

"நானே தனியா எறக்கிப் போட்டிருப்பேன்!"

"அப்படின்னா மூலையில நம்பர்தான் வந்திருக்கும். பேரும் படமும் வந்துச்சே. அது கேம் குடுத்த பாட்டு, அப்டேட்டுக்கு முன்னால ஓட்டினது. பழைய ரெக்கார்டக் காட்டிட்டு, கரேன் மேல பழி விழுறதப் பாத்துக்கிட்டு இருந்தே."

கோகிலன் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்து வைத்தான்.

"காப்பி எடுத்துட்டுத் திரும்ப வச்சிரலாம்னுதான் அங்கிள். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. அப்புறம் பயமாப் போச்சு."

"நெட்டுல போட்டியா?" என்று கேட்டார் அமல்தாஸ்.

"நேத்து. வேற பேருல."

"எத்தன பேரு கேட்டாங்க?"

"நாப்பத்தோரு பேரு."

அமல்தாஸ் பென்டிரைவைக் கையில் எடுத்தார். மாதா கோயில் பாடகர் குழுவில் மேவிஸை எப்போதும் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள்.

"ஒருத்தர், பாடுறது யாருன்னு கேட்டிருந்தாரு," என்றான் கோகிலன்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

அமல்தாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. கேட்டவருக்கு அவ பேர எழுது."

பிறகு கைப்பேசியோடு வாசலுக்குப் போய்க் கரேனை அழைத்தார். மூன்று முறையும் அவள் எடுக்கவில்லை. நான்காவது முறையாக அழைத்தார்.