கல்யாணம் நடத்த வந்தவள்

"அந்த நாற்காலியை எடுக்காதீங்க!"

மழையில் கத்திக்கொண்டே காரைவிட்டு இறங்கி ஓடி வந்தாள் லோஷினி. கெலாங் பாத்தா ஊர்க் கல்யாண மண்டபத்து வாசலில் ஒரே ஒரு கார் நிறுத்தத்தான் இடம் மிச்சம். அதில் அவளுக்காக நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அதைப் போய் தூக்கி ஓரம்கட்டிக்கொண்டிருந்தான் ஒருவன். நெடுநெடுவென்று உயரம். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"கல்யாணத்தை நடத்தி வைக்கிறவருக்குப் போட்ட இடம் சார், இது."

"இந்தக் கல்யாணத்துக்கு ஐயரே கிடையாதுன்னாங்களே?"

"ஐயர் இல்ல. நான்தான் நடத்தி வைக்கிறேன்."

அவன் திரும்பினான்... அந்தக் கண்கள்! இமையில் மழைத்துளி நிற்கிறது, ஆனாலும் சிமிட்டாமல் பார்க்கின்றன. லோஷினியின் கோபம் பாதியில் நின்றுவிட்டது. பாழாய்ப்போன நெஞ்சு, இந்த நேரம் பார்த்தா படபடக்க வேண்டும்?

"நீங்களா? எந்தக் கோயில்லேர்ந்து?"

"கோயிலும் இல்ல, சாமியும் இல்ல. ஆன்லைன்ல பதிஞ்சேன். அமெரிக்காவுல ஒரு சபை... சாமி நம்பிக்கை இல்லாதவங்களுக்கும் கல்யாணம் நடத்துற பட்டம் தர்றாங்க. அஞ்சு நிமிஷ வேலைலா."

"ஒரு தே தாரிக் டீ ஆத்துற நேரத்துல குருக்கள் ஆயிட்டீங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

"நான் சிறீகாந்தன். பொண்ணோட அண்ணன். ஜொகூர் பாருல லாயர்."

சிரிப்பு அங்கேயே அடங்கிப்போனது. நேரில் பார்த்ததில்லை, ஆனால் மணப்பெண் பிரேமளாவின் அண்ணன் சாமி இல்லாத இந்தக் கல்யாணத்துக்கு எதிரி என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி.

பிரேமளா அவளுக்குப் பள்ளித் தோழி. மாப்பிள்ளை சுகுமாறன் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். இருவருக்கும் சாமி நம்பிக்கை கிடையாது. பிரேமளாவின் அப்பா சிவசம்பு அரசாங்க நில அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். ஐயர் வேண்டாமென்றால் வேண்டாம், ஆனால் சட்டப்படி நடக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு இரண்டு வருஷம் கழித்துத்தான் இறங்கி வந்திருந்தார். "எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று மார்தட்டியவள் லோஷினி. செனாய் ஊர்த் தொழிற்சாலையில் ஒரு குறையும் தப்பவிடாத தரப் பரிசோதகர் ஆயிற்றே!

"பதிவு எந்தத் தேதியில பண்ணீங்க?" சிறீகாந்தன் சாதாரணமாகத்தான் கேட்டான்.

"என்ன பதிவு? என் சர்டிபிகேட் போதுமே. எல்லா நாட்டுலயும் செல்லும்னு போட்டிருந்துச்சு..."

கைப்பேசியை நீட்டினாள். அவன் நிதானமாகப் படித்தான்.

"இங்க செல்லாதுங்க. பதிவதிகாரி முன்னால கையெழுத்துப் போட்டாத்தான் கல்யாணம். அதுக்கும் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து, இருபத்தொரு நாள் காத்திருக்கணும்."

"அலமாக்... போச்சே!"

முகூர்த்தம் என்று குறித்த நேரத்துக்கு இன்னும் அரை மணி. உள்ளே நூற்றைம்பது பேர். முன்வரிசையில் சிவசம்பு. விஷயம் தெரிந்தால் மகளைக் கையோடு கூட்டிப் போய்விடுவார்.

"உங்க அப்பாகிட்ட சொல்லப்போறீங்களா?"

"இல்ல. நீங்க சொல்றீங்களான்னு பாக்கப்போறேன்."

அவன் போய்விட்டான். எவ்வளவு திமிர்! அந்தக் கண்களை அழகு என்று நினைத்ததற்காக லோஷினி தன்னையே திட்டிக்கொண்டாள்.

மணப்பெண் அறையில் விஷயத்தைச் சொன்னதும் பிரேமளா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதடி. அடுத்த மாசம் சத்தமில்லாம பதிஞ்சுக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

யாருக்கும் தெரியாதுதான்... அதுதான் லோஷினியை அறுத்தது.

"நம்பாத மந்திரத்தைச் சொன்னா பொய்யாயிடும்னுதானே நீ ஐயர் வேணாம்னு சொன்ன? இப்ப என்னையே மேடையில நிக்க வச்சு பொய் சொல்லச் சொல்றியாடி?"

பிரேமளா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் மை கரைந்து ஓடியது. கடைசியில், "சொல்லிடு," என்றாள்.

மேடையில் மணமக்கள் பக்கத்தில் நின்று லோஷினி மைக்கைப் பிடித்தபோது கை வெடவெடவென்று நடுங்கியது.

"நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன். எனக்கு இந்த நாட்டுல கல்யாணம் பண்ணி வைக்கிற அதிகாரம் இல்ல. அது எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. இன்னிக்கி நடக்கிறது சட்டப்படி செல்லாது..."

கூட்டம் சலசலத்தது. சிவசம்பு எழுந்ததும் அது அடங்கியது. கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன பிள்ளை சொல்லுறீர்? அப்ப இண்டைக்கு இது கல்யாணம் இல்லையோ?"

"இல்ல அங்கிள். தப்பு என்னோடது. அவங்க ரெண்டு பேரையும் கோவிச்சுக்காதீங்க."

அவர் மேடையேறினார். மகளின் கையைப் பிடித்தார். சுகுமாறனின் முகம் வெளுத்துவிட்டது.

"பதிவு முடியுமட்டும் என்ர பிள்ளை என்ர வீட்டிலதான் இருப்பாள்," என்றார் மாப்பிள்ளையைப் பார்த்து. "கையெழுத்து வைச்ச பிறகு நீர் வந்து கூட்டிக்கொண்டு போம்."

"சரி மாமா," என்றான் சுகுமாறன், பாவம், வேறென்ன சொல்வான்!

சிவசம்பு லோஷினி பக்கம் திரும்பினார். "வந்த சனம் பசியோட இருக்கு. நீர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சுவிடும்."

அழுகையும் சிரிப்புமாக அவள் எழுதி வந்ததை வாசித்தாள். ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்காமல் வாழ்வீர்களா என்று கேட்டாள். வாழ்வோம் என்றார்கள் இருவரும்.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு வாசலில் தனியாக நின்றாள். பின்னாலேயே வந்து நின்றான் சிறீகாந்தன்.

"சாப்பிடலையா?"

"உங்க மூஞ்சியப் பாத்தா தொண்டையில இறங்காது."

"இந்தக் கல்யாணத்தை நிறுத்த ஒரு காரணம் கிடைக்காதான்னுதான் இன்னிக்கி வந்தேன்," என்றான்.

"அதான் கிடைச்சுதே... அப்புறம் ஏன் விட்டீங்க?"

"கோர்ட்ல எத்தனையோ பேரைப் பாக்கிறேன். தப்பு என்னோடதுன்னு கேக்காமயே ஒத்துக்கிட்ட ஒரு ஆளைக்கூடப் பாத்ததில்ல. நீங்க நடுங்கிக்கிட்டே சொன்னீங்க பாருங்க... அந்த நிமிஷமே எனக்கு உங்களப் பிடிச்சுப்போச்சு."

அவள் காது சூடாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"எனக்குச் சாமி நம்பிக்கை இல்ல. நான் கோயிலுக்கு வர மாட்டேன்."

"நான் வெள்ளிக்கிழமை தவறாம போவேன்."

"உங்களுக்காகக்கூட கும்பிட மாட்டேன்..."

"பொய்யா கும்பிட்டீங்கன்னாத்தான் எனக்குக் கோவம் வரும்."

மழை விட்டபாடில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தப்பித்துவிடலாம். நாலு நாள் அலையவும் விடலாம், அதற்குத் தகுதியானவன்தான். ஆனால் யோசிக்க ஒன்றும் பாக்கியில்லை என்பது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது.

லோஷினி நிமிர்ந்து அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் கோவமா வருது," என்றாள். "இருந்தாலும்... எனக்கும் பிடிச்சிருக்கு."