பின்சக்கரத்து முனகல்

குழித்துறைப் பாலம் கடக்கும்வரை வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. அருமனை ரோட்டில் திரும்பி இரண்டு பர்லாங் போயிருக்கும். பின்பக்கத்து அடியிலிருந்து நூல்போல இழுபடும் ஒரு மெல்லிய சத்தம் மரியஜான் காதில் விழுந்தது. ஙீ... என்று நீண்டு, தேய்ந்து, மறுபடி நீண்டது.

அது 1935-ஆம் வருடத்து ஐப்பசி. காலையிலிருந்து விட்டுவிட்டு மழை. அந்த வாடகைக் காரை மரியஜான் நாலு வருடமாக ஓட்டுகிறான். கான்வாஸ் கூரை காற்றில் படபடப்பது, பின்கதவு தாழ் ஆடுவது, மேட்டில் எஞ்சின் செருமுவது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. இந்தச் சத்தம் எதிலும் சேராதது. சக்கரத்துப் பேரிங் கிரீஸ் வற்றினால் இப்படி முனகும். முற்றிவிட்டால் ஓடுகிற ஓட்டத்தில் சக்கரம் கழன்றுபோகும். ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க மழைவெள்ளம் சுழித்தோடும் பள்ளம்.

பின்சீட்டில் நேசையன் வாத்தியார் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஜெபகுமாரி. தக்கலையில் அக்கா வீட்டுக்குப் போன இடத்தில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து, விடியற்காலையில் செத்துப்போனவள். காரில் நீட்டிப் படுக்கவைக்க இடமில்லை. தாடையைத் துணியால் கட்டி, வெள்ளைப் போர்வையால் தலையோடு மூடி, உட்காரவைத்திருந்தார்கள். வாத்தியார் ஒரு கையால் அவளை அணைத்துப் பிடித்திருந்தார். இருட்டுவதற்குள் அடக்கம் முடியவேண்டும். சேதி சொல்ல அக்கா காலையிலேயே பஸ்ஸில் முன்னால் போயிருந்தாள்; அருமனைக்கு அப்பால் வாத்தியாரின் ஊரில் குழி வெட்டியிருப்பார்கள்.

"வண்டியில ஒரு சத்தம் வருது. சாருக்குக் கேக்குதா?"

வாத்தியார் போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றினார். "எனக்கு ஒண்ணும் கேக்கல்ல. நீரு ஓட்டும்."

எஞ்சினா என்று பார்க்க, ஓர் இறக்கத்தில் கிளச்சை மிதித்து கியரை நியூட்ரலில் தள்ளினான். எஞ்சின் தணிந்தது. சத்தம் தணியவில்லை, முன்னைவிடத் தெளிவாக வந்தது. பிரேக்கை இலேசாகத் தொட்டான். மாற்றமில்லை. பிறகு வளைவுகளைக் கவனித்தான். இடப்பக்கம் ஒடித்தால் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் ஏறும். கோளாறு அங்கே என்றால் முனகல் கூடும். ஒடித்தான். கூடியது. வலப்பக்கம் ஒடித்தான். குறைந்தது.

வலது பின்சக்கரம். கண்டுபிடித்த நிம்மதியில் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். இடப்பக்க வளைவில் போர்வை உருவம் சரிந்து வாத்தியாரின் மார்போடு அழுந்தியது. வலப்பக்க வளைவில் கதவோரம் போயிற்று. பார்த்தான். அதைப் பற்றி யோசிக்கத் துணியவில்லை.

சிதறால் பக்கம், ரப்பர் மரங்கள் இருபுறமும் அடர்ந்து பகலிலேயே இருட்டிக்கிடந்த இடத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

"நிப்பாட்டண்டாம் ஓய்," என்றார் வாத்தியார்.

"சக்கரம் கழண்டா மூணுபேரும் பள்ளத்துல கிடப்போம் சாரே. ஒரு நிமிசம்."

மூணுபேர் என்று சொன்னது அவனுக்கே உறுத்தியது. ஜாக்கி வைத்து வலது பின்சக்கரத்தைத் தூக்கினான். ரப்பர்ப் பாலின் புளித்த வாடையும் ஈரச்சருகின் வாடையும் மூக்கை அடைத்தன. சக்கரத்தின் நடுக்குடத்தில் உள்ளங்கையை வைத்தான். கெட்டுப்போன பேரிங் என்றால் தீயாய்ச் சுடும். குளிர்ந்திருந்தது. கையால் சுழற்றிவிட்டான். எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓசையில்லாமல் சுற்றியது. இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினான்.

சக்கரம் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

ஙீ...

தலைக்கு மேலே. கதவுக்கு உள்ளே.

"சக்கரம் அல்ல மரியஜானே," என்றார் வாத்தியார் மெதுவாக. "காலம்பெறவே உண்டு. எனக்கு மட்டும் கேக்குதுன்னு நெனச்சேன்."

மரியஜான் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "உசிரு இருக்குமோ என்னவோ. திரும்பி ஆசுபத்திரிக்குப் போவோமா சாரே?"

"வைத்தியரு ரெண்டு தடவ பாத்தாரு. நாடி இல்ல. கை மரவிச்சாச்சு. நீரும் பாரும்."

பார்த்தான். மூக்கடியில் விரலை வைத்தான். மூச்சு இல்லை. மணிக்கட்டு மழையில் நனைந்த விறகு மாதிரி விறைத்திருந்தது. கட்டிய தாடைக்குள் உதடு அசையவில்லை. கடைசியாகத் தொண்டைக்குழியைத் தொட்டான்.

அதிர்ந்தது.

கையை உதறி இழுத்துக்கொண்டான்.

"குழியில வச்சா நின்னுரும்," என்றார் வாத்தியார். சொன்னாரா, கேட்டாரா என்று மரியஜானுக்குத் தெரியவில்லை. "நின்னுரும் இல்லியா?"

அதற்கப்புறம் வளைவிலும் பள்ளத்திலும் வேகத்தைக் குறைக்காமல், எஞ்சின் அலறும்படி ஓட்டினான். அலறட்டும் என்றுதான் ஓட்டினான்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் பெண்கள் அழுதுகொண்டு ஓடிவந்தார்கள். அந்த அழுகையில் வேறெதுவும் கேட்கவில்லை. பெட்டியில் வைத்தபோது சொல்லியிருக்கலாம். ஆணி அடிக்குமுன் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவையும் வாயைத் திறந்தான். இரண்டு தடவையும் வாத்தியார் அவனைப் பார்த்தார். அவன் விரல்நுனியில் இன்னும் அந்தத் தொண்டையின் அதிர்வு இருந்தது. உயிருள்ள எதையும் தொட்டதுபோல் அது இல்லை. உயிர் இருந்தால்? நிச்சயமாகத் தெரியாது. ஆணி இறங்குவதைப் பார்த்தான்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். உபதேசியார் ஞானப்பாட்டு எடுத்தார். எல்லாரும் பாடினார்கள். முதல் அடி முடிந்தது. அடுத்த அடிக்கு மூச்சு எடுக்கிற அந்த ஒரு கணம், அத்தனை வாயும் மூடியிருந்தது.

ஙீ...

குழிக்குள்ளிருந்து.

எல்லாருக்கும் கேட்டது. பெட்டி தூக்கியவர்களின் கையில் கயிறு அப்படியே நின்றது. மண்வெட்டிக்காரன் ஓர் எட்டுப் பின்னால் போனான். ஜெபகுமாரியின் அக்கா முந்தானையைக் காதோடு பொத்திக்கொண்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நேசையன் வாத்தியார் குனிந்து இரண்டு கையாலும் சேறு அள்ளினார்.

உபதேசியார் அடுத்த அடியை எடுத்தார். எடுக்கக்கூடாத உச்சத்தில் எடுத்தார். கூட்டம் மொத்தமும் கழுத்து நரம்பு புடைக்க அதைப் பிடித்துக்கொண்டது. சேறு தொப்தொப்பென்று விழுந்தது. பாட்டு தணியப் பார்த்த இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் கத்தி அதைத் தூக்கினார். அடிகள் தீர்ந்ததும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

மரியஜானுக்கு அந்தப் பாட்டு தெரியாது. குனிந்து கைநிறையச் சேறு அள்ளினான். வாயை அகலத் திறந்து, அவர்களோடு சேர்ந்து கத்தினான்.