சங்கிலி நிற்கும் நேரம்

"தேங்காயெண்ணெய ஊத்திராத பிலோமி. போன தடவ அதுலதான் மணலெல்லாம் அப்பிக்கிட்டு."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதான சொன்ன."

பிலோமி மிதித்துக்கொண்டே தலையாட்டினாள். ஜன்னல் விளிம்பில் இருந்த குரற்பேழையில் அவள் கணவன் செல்டன் சிரித்தான். சங்கிலி கரகரத்தது, சுற்றுக்கு ஒருமுறை பற்சக்கரத்தில் துள்ளி விழுந்தது.

தூத்துக்குடியில் மின்கம்பிகளைக் கழற்றிய பிறகு வீடுகள் சேர்ந்த வளவு ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் எடுக்க ஒரு மிதிபொறி என்று ஆகிவிட்டது. பேட்டரிகளை உப்புக்காற்று தின்றுவிட்டதால், இரவும் பகலும் வீட்டுக்கு ஒருவராக மாறி மாறி மிதித்தார்கள். விளக்கு அணைந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. பேழைகள்தான் சிக்கல். மின்சாரம் அறுந்தால் பேழைக்குள் இருப்பவர் தன்னைப் பதிவுசெய்த நாளுக்கே திரும்பிவிடுவார். பிறகு பேசியது எதுவும் தங்காது. செல்டனைப் பதிவுசெய்தது, ஆபரேஷனுக்குக் கொண்டுபோன காலையில். அவன் பிழைக்கவில்லை என்பதை ஒவ்வொரு தடவையும் பிலோமிதான் அவனிடம் சொல்ல வேண்டும்.

முதல் தடவை சொல்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் ரேஷனில் சீனி வந்திருக்கிறது என்பதுபோலச் சொல்லிவிடுகிறாள்.

"ஏட்டி, அவன்கிட்ட ஒடனே சொல்லிராத. ரெண்டு நாளு சந்தோசமா இருந்துட்டுப் போட்டும், பாவம்."

அடுத்து விழிக்கப்போகிற தன்னைத்தான் 'அவன்' என்றான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாத் தடவையும் அந்தச் சொல்லுக்கு வந்துசேர்ந்தான். போன தடவையும் இதையே கேட்டான் என்று அவள் சொல்லவில்லை.

"சரி," என்று மிதியிலிருந்து காலை எடுத்தாள். சக்கரம் ஓய்ந்தது.

சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டாள். பழைய பல்துலக்கியால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தாள். பற்சக்கரத்தின் இடுக்குகளில் இறுகிய கறுப்பு மையை ஊக்கால் நெம்பி எடுத்தாள். உலர்த்தி மாட்டி, கண்ணிக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, வெளியே வழிந்ததைத் துணியால் ஒற்றினாள். வளவே அமைதியாக இருந்தது. அழுகை வருமா என்று சற்று நேரம் பார்த்தாள். வரவில்லை.

"எந்திங்க மயினி, நான் மிதிக்கேன்," என்று பக்கத்து வீட்டு ஜெயசீலி வந்து ஏறினாள். "எங்க மாமியா பேழைக்குள்ள முழிச்சதும் மொதல்ல என்னையத்தான் ஏசுவா. சொல்லுத வேலைய அவ மவன்கிட்ட விட்டுட்டேன்."

சங்கிலி சத்தமே இல்லாமல் ஓடியது. அவரவர் பேழையிடம் சொல்ல வீட்டுக்கு வீடு கதவைச் சாத்தினார்கள். பிலோமி ஜன்னலருகே போய் நின்றாள்.

"பிலோமி? ஆபரேசன் முடிஞ்சிட்டா? வலியே இல்லட்டி."

அவள் விரலிடுக்கிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாக்கு வறண்டு கெடக்கு. இனி தண்ணி குடிக்கலாம்லா? ஒரு மடக்கு குடேன்."