மெட்டுக்கு மெட்டு

தங்காக்குக்குத் துணி வாங்கப் போகிறவர்கள் துணியோடு திரும்புவார்கள். ஏரம்பமூர்த்தி ஒரு பிடிலோடு திரும்பினார்.

குற்றம் மழையுடையது. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மனைவிக்குப் பருத்தி விரிப்பு வாங்கப் போன மனிதர், ஒதுங்கிய இடம் கமலநாதனின் பழைய சாமான் கடையாக அமைந்துவிட்டது. உள்ளே பகலிலும் இருட்டு. ஈரச் சாக்கு வாசனை. ஓடாத கடிகாரங்களுக்கு நடுவே அந்தப் பிடில் தொங்கியது. மரமெல்லாம் கறுத்திருந்தது. தாடை படும் இடம் மட்டும், காலையில்தான் யாரோ வாசித்துவிட்டு வைத்ததுபோல் பளபளத்தது.

"எடுத்துப் பாருங்க அண்ணே. கடிக்காது லா," என்றார் கமலநாதன்.

"ஆர் வாசிச்சது?"

"மலாய்க் கம்பத்து பியோலாக்காரர் ஒருத்தர். அவர் ஸப்பின் ஆட்டத்துக்கு வாசிச்சா கல்யாணத்துல கிழவனுங்ககூட எழுந்து ஆடுவானுங்க. ஒரு பழக்கம் அவருக்கு. மெட்டைச் சும்மா கத்துக் கொடுக்க மாட்டாரு. ஒண்ணு கொடுத்தா, உங்ககிட்ட ஒண்ணு வாங்கிக்குவாரு."

"இப்ப எங்க இருக்கிறார்?"

"லேடாங் மலை அடிவாரத்துலதான். மண்ணுக்குள்ள."

ஏரம்பமூர்த்தி சிரித்தார். சின்ன வயதிலிருந்து சம்மணமிட்டுக் கீர்த்தனை வாசித்தவர் அவர். ஆனால் மலாய்க் கல்யாணப் பந்தலிலிருந்து ஸப்பின் கேட்கும்போதெல்லாம் கால் மட்டும் தனியாகக் கிளம்பிப் போய்விடும். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை ஓய்வு பெறவில்லை.

அன்று மத்தியானம் மனைவி சரோஜினி தூங்கியதும் வில்லைத் தந்தியில் வைத்தார்.

விரல்கள் வழி கேட்காமலே போயின.

குதித்துக் குதித்து ஓடியது மெட்டு. எப்போது எழுந்து நின்றார், எப்போது கால் தாளம் தட்ட ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. வாசித்து முடித்தபோது வாயெல்லாம் பல். சட்டை முழுக்க வியர்வை. தோளில் மட்டும், ஒரு கை அளவுக்கு, சில்லென்றிருந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரத்துக்கு வாசிக்க உட்கார்ந்தார். சொற்கள் இருந்தன. மெட்டு இருந்த இடம், பல் விழுந்த இடம்போல் வழுவழுவென்றிருந்தது.

அடுத்த ஸப்பின் வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த கீதம் போயிற்று. அதற்கடுத்தது வந்தது. தங்கையின் கல்யாணத்தில் வாசித்த பாட்டு போயிற்று. புத்தியுள்ளவன் பிடிலைத் தூக்கி அடுப்பில் வைத்திருப்பான். ஏரம்பமூர்த்தியோ, தெரிந்த பாட்டு நிறைய இருக்கிறதே, நாலு போனால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தார்.

ஒன்றே ஒன்று போனால் முழுகிவிடும். மகள் பிறந்தபோது அவர் கட்டிய தாலாட்டு. சரோஜினி இப்போது யாருக்கும் வாய் திறப்பதில்லை. அவர் அதை முனகினால் மட்டும் திறப்பாள்; ஒரு வாய்க் கஞ்சி இறங்கும். நிறுத்தினால் உதடு மூடிக்கொள்ளும்.

ஆகவே புதிய மெட்டுக்கு வில்லை எடுக்கும்முன், காலியான கூடத்தைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்:

"வேறெதையெண்டாலும் எடுங்கோ. அந்தத் தாலாட்டை மட்டும் விட்டிடுங்கோ."

அதுவரை அப்படியொரு தாலாட்டு இருப்பது அந்தப் பியோலாக்காரருக்குத் தெரியாது.

அன்று வந்த ஸப்பினைப்போல் ஒன்றை ஏரம்பமூர்த்தி வாழ்நாளில் கேட்டதில்லை. அவ்வளவு அழகு.

கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

காற்றுதான் வந்தது.

"இஞ்சேரும் சரோ... ஒரு வாய். ஒரேயொரு வாய்."

சரோஜினி திறக்கவில்லை. இரவும் திறக்கவில்லை.

விடிந்ததும், உதவிக்கு வரும் புஷ்பவள்ளியை வீட்டில் இருத்திவிட்டு, பிடிலைத் தங்காக்குக்கு எடுத்துப் போய் அதே ஆணியில் மாட்டினார். பெட்டிக்குள் இருந்தவரை வழியெல்லாம் தந்தி முறுக்குகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கேட்கவில்லை. கொஞ்சம் தைரியம் வந்தது.

வீட்டில் கஞ்சிக் கிண்ணம் காலியாக இருந்தது.

"ஆர் கொடுத்தது, பிள்ளை?"

"அலமாக், என்ன அங்கிள் இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே ஊட்டினீங்க. நான் பின்னால துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன், சன்னல்ல உங்க முதுகைப் பார்த்தேனே. பாடிக்கிட்டே ஊட்டினீங்க." புஷ்பவள்ளி சிரித்தாள். "ஆனா ஒண்ணு கேக்கணும். மலாய்க்காரங்க மாதிரி தலையில சோங்கோக் தொப்பி எல்லாம் எப்ப இருந்து அங்கிள்?"

அவர் மீதிக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வில்லுக்குத் தேய்க்கும் பிசின் வாசனை. அதற்கடியில் ஈர மண்.

கரண்டியை நீட்டினார்.

சரோஜினி அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். கல்யாணமான புதிதில் அவரைப் பார்த்துச் சிரித்த அதே வெட்கச் சிரிப்பு.

பிடரிக்குப் பின்னால் தாலாட்டு ஆரம்பித்தது.

ஒரு சுரம் பிசகவில்லை. அவரைவிட நன்றாகவே இருந்தது.

அவள் வாய் திறந்தாள்.

ஏரம்பமூர்த்தி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பாட்டு நின்றுவிடும். நின்றால் உதடு மூடிவிடும். கடைசிக் கரண்டிவரை ஊட்டினார். கிண்ணம் காலியாயிற்று. முனகல் ஓய்ந்தது.

போகவில்லை.

காதருகே, குளிர்ந்த மூச்சு, பொறுமையாகக் காத்திருந்தது.

ஒன்று கொடுத்தாயிற்று. ஒன்று வாங்கிக்கொள்ளாமல் போகிற ஆளில்லை.

ஏரம்பமூர்த்தி கண்ணை மூடித் தம்மிடம் மிச்சமிருந்த பாட்டுகளைத் தேடிப் பார்த்தார். அம்மா சந்தியாகாலத்தில் பாடுவதை ஒதுக்கி வைத்தார். ஒரு அணிவகுப்பு நடைப் பாட்டை எடுத்து மெதுவாக முனகினார். முனக முனகவே அது கரைந்தது. மூச்சு விலகியது.

அறை வெறுமையானது. விரிப்புக்கு அடியில் சரோஜினியின் அசையாத கால் ஸப்பின் தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் அவளுக்கு மறுபடி பசிக்கும்.